கடல்பாசியில் பழ ஜெல்லி: அளவு, சூடு, பதம்

வீட்டில் செய்த ஜெல்லி உறையாமல் தண்ணியாக நின்றாலோ, வாயில் நறநறத்தாலோ காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பாசி முழுதாகக் கரைந்திருக்காது. இல்லாவிட்டால் புளிப்பான பழச்சாற்றிலேயே அதைப் போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். பாசியை வெறும் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விட வேண்டும். பழச்சாற்றைக் கொதிக்க விடக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் அளவும் பொறுமையும்தான்.

கடல்பாசி, சைனா கிராஸ், அகர் அகர் எல்லாம் ஒன்றே. சில வகைச் சிவப்புக் கடற்பாசிகளைக் காய்ச்சி, வடித்து, உலர்த்தி எடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் பாலோ தேங்காய்ப்பாலோ சேர்த்துச் செய்யும் கடல்பாசி தமிழ் முஸ்லிம் வீடுகளில் வெகு காலப் பழக்கம். பழ ஜெல்லி அதே வித்தையின் இன்னொரு கிளை. ஜெலட்டின் மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து வருவது. அதன் இடத்தில் அதே எடைக்குக் கடல்பாசியைப் போட்டால் கல்லாகிவிடும், ஏனென்றால் பாசிக்கு இறுக்கும் சக்தி பல மடங்கு அதிகம்.

இன்னொன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஜெலட்டின் மிட்டாயைப் போல இழுத்து மெல்லும் ரப்பர்த் தன்மை கடல்பாசியில் வராது. இது கடித்தால் ‘மொடுக்’கென்று உடையும். மெல்லுகிற மாதிரி வேண்டும் என்றால் கீழே வரும் கொய்யா வழிக்குப் போங்கள்.

சூட்டுக் கணக்கு

கடல்பாசி கரைய ஏறத்தாழ 85 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆறும்போது 32 முதல் 40 டிகிரிக்குள் உறையும். உறைந்தது மறுபடி உருக வேண்டுமென்றால் திரும்ப 85 டிகிரி வரை போக வேண்டும். உறையும் சூட்டுக்கும் உருகும் சூட்டுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதுதான் இந்தப் பொருளின் விசேஷம், தொல்லையும்கூட.

விசேஷம் எப்படியென்றால், ஃபிரிட்ஜ் இல்லாமலே உறையும். மே மாத வெயிலில் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினாலும் டப்பாவுக்குள் உருகாது. (சமையலறையே 38 டிகிரியில் கொதிக்கும் நாட்களில் மட்டும் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வையுங்கள்.)

தொல்லை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சாற்றை அப்படியே ஊற்றும்போது தெரியும். 250 மி.லி. பாசிக் கரைசல் 90 டிகிரியில் இருக்கிறது; அதில் 5 டிகிரி குளிரில் உள்ள 300 மி.லி. சாறு விழுகிறது. கலவை மொத்தமாக 44 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். சாறு விழுந்த இடத்தில் அதற்கும் கீழே போகும். அந்த இடத்திலேயே பாசி உறைந்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கட்டிகளாகிவிடும். சாறு 40 டிகிரியில் வெதுவெதுப்பாக இருந்தால் கலவை 60 டிகிரியை ஒட்டி நிற்கும். ஊற்ற, அடுக்க, பழத்துண்டு போட எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கும்.

எந்தப் பாசி வாங்குவது

நாட்டு மருந்துக் கடையிலும் பெரிய மளிகைக் கடையிலும் நூல் நூலாக, வைக்கோல் பிரி மாதிரி 10 கிராம் பாக்கெட்டில் கிடைப்பது ஒரு வகை. கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் பொடி இன்னொரு வகை. புதிதாகச் செய்பவர்கள் பொடியிலேயே தொடங்கலாம். எடை போட எளிது, இரண்டு மூன்று நிமிடக் கொதியில் கரையும். நூல் பாசி மலிவு. ஆனால் ஊற வேண்டும், கரைய நேரம் எடுக்கும், வடிகட்டியும் ஆக வேண்டும்.

பாக்கெட்டுக்குப் பாக்கெட் இறுக்கும் சக்தி மாறும். இது விற்பவரின் தவறு இல்லை. ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம், பெண்கள் கடலில் இறங்கிச் சேகரிக்கும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசி உறுதியான அகர் தரும். கஞ்சிப்பாசி தருவது அதைவிட மென்மையாக உறையும். மூலப் பாசியைப் பொறுத்தும், காய்ச்சும் முறையைப் பொறுத்தும் பொடியின் தரம் மாறத்தான் செய்யும். அதனால் புதுப் பாக்கெட் பிரித்தால், கீழே சொல்லியிருக்கும் தட்டுச் சோதனையைச் செய்யாமல் முழு அளவையும் ஊற்ற வேண்டாம்.

லேபிளைப் பார்க்கும்போது மூன்று எண்கள் போதும்: 406 என்றால் அகர், 407 கராஜீனன் (இதுவும் கடற்பாசியிலிருந்து எடுப்பது), 440 பெக்டின் (பழங்களிலேயே இருக்கும் உறையவைக்கும் சத்து). மூன்றுமே தாவரத்திலிருந்தும் பாசியிலிருந்தும் வருபவை. 428 என்றிருந்தால் ஜெலட்டின். பச்சைப் புள்ளி போட்ட ஜெல்லி கலவைப் பாக்கெட்டுகளில் சர்க்கரை, கலர், எசன்ஸ் எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். இந்த வழிகாட்டியின் அளவுகள் அவற்றுக்குப் பொருந்தாது. ஆய்வகத்துக்கென்று விற்கும் அகரைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

அளவு

மொத்தத் திரவம், அதாவது தண்ணீரும் சாறும் சேர்ந்து, 500 மி.லி. என்று வைத்துக்கொண்டால்:

- கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் மென்மைக்கு: பொடி 3 கிராம்
- கையால் எடுத்துக் கடிக்கும் துண்டுகளுக்கு: பொடி 5 கிராம்
- புளிப்பான பழம் (திராட்சை, அன்னாசி, மாதுளை, பேஷன் ஃப்ரூட்): பொடி 5.5 முதல் 6 கிராம்
- நூல் பாசி: துண்டு போட 10 கிராம், கரண்டிக்கு 6 கிராம்

தேக்கரண்டிக் கணக்கு இதில் ஏமாற்றும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி 2 கிராமும் இருக்கும், 3 கிராமும் இருக்கும். 5 கிராம் போட வேண்டிய இடத்தில் 7 கிராம் விழுந்தால் பல்லில் படும்போதே தெரியும். சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் ஜெல்லிக்கு மட்டுமல்ல, எத்தனையோ பண்டத்துக்கு உதவும்.

சர்க்கரை 500 மி.லி.க்கு 60 முதல் 80 கிராம். ஆறிய பிறகு இனிப்பு குறைந்துதான் நாக்கில் படும். ஆகவே சூடாக ருசி பார்க்கும்போது ஒரு துளி தூக்கலாக இருக்கட்டும். சர்க்கரையை அடியோடு விட்டால் ஜெல்லி சீக்கிரம் தண்ணீர் விடும். இனிப்பு குறைவாக வேண்டும் என்பவர்கள் 40 கிராமுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி போட்டால் தனியாகக் கரைத்து வடித்துச் சேருங்கள். நிறம் மங்கும், இளநீர் ஜெல்லிக்கு அது பொருத்தம்தான். தெளிவாக வேண்டும் என்றால் பனங்கற்கண்டு.

அடிப்படைச் செய்முறை: பன்னீர் திராட்சை ஜெல்லி

பன்னீர் திராட்சையை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. நிறம், மணம், புளிப்பு மூன்றும் அதில் இருக்கிறது. ஜெல்லியில் வரக்கூடிய சிக்கல்களும் கிட்டத்தட்ட எல்லாமே இந்த ஒரு பழத்தில் வந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சை ஏறக்குறைய வருடம் முழுக்கக் கிடைக்கிறது.

தேவையானவை: பன்னீர் திராட்சை 500 கிராம், தண்ணீர் 250 மி.லி. (சாறு எடுக்க இன்னும் 50 மி.லி.), அகர் பொடி 6 கிராம், சர்க்கரை 70 கிராம், எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் சாறு. திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்த்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு தடவை அலசுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டுக் கையாலோ மத்தாலோ நசுக்குங்கள். மிக்சியில் போட வேண்டாம். விதை அரைபட்டால் துவர்ப்பும் கசப்பும் இறங்கிவிடும், பிறகு சர்க்கரையால் அதை மறைக்க முடியாது. நசுக்கியதில் 50 மி.லி. தண்ணீர் விட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம், ஆவி எழும்பும் வரை மட்டும் சூடாக்குங்கள். தோலில் உள்ள நிறம் சாற்றில் இறங்குவதற்காகத்தான் இது. கொதி வரக் கூடாது. மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழிந்தால் சாறு கலங்கும், தானாக வடிய விட்டால் கண்ணாடி மாதிரி வரும். சுமார் 300 மி.லி. கிடைக்கும், குறைந்தால் தண்ணீர் சேர்த்து 300 ஆக்குங்கள். எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் இதிலேயே கலந்து, மூடி, வெதுவெதுப்பாக வைத்திருங்கள்.

இரும்புச் சட்டியிலோ அலுமினியப் பாத்திரத்திலோ இந்தச் சாற்றை வைக்கக் கூடாது, நிறம் கெடும். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் ஊர்களில் திராட்சைச் சாறு சாம்பல் கலந்த ஊதாவாக மாறுவதைப் பார்க்கலாம். நிறமிக்குக் காரத்தன்மை ஆகாது. எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டதும் சிவப்பு திரும்பி வரும். நாவல்பழத்துக்கும் இதே கதைதான்.

அடுத்தது பாசி. அடி கனமான பாத்திரத்தை வெறுமனே எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 250 மி.லி. பச்சைத் தண்ணீரில் அகர் பொடியைத் தூவி, கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சூடான தண்ணீரில் பொடியைக் கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே உலர்ந்த உருண்டைகளாகிவிடும். பிறகு அடுப்பை நடுத்தரத் தீயில் வைத்து, அடியோடு கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். கொதி வந்ததும் நுரைத்துப் பொங்கும், தீயைக் குறையுங்கள். அதன் பிறகும் மூன்று நிமிடம் கொதித்தே ஆக வேண்டும். பலர் கொதி வந்த கையோடு இறக்கிவிடுகிறார்கள்.

கரைந்ததா என்று பார்க்க, கரண்டியின் பின்பக்கத்தில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மணல் மாதிரியோ, சின்னச் சின்னக் கண்ணாடித் துகள் மாதிரியோ எதுவும் நகரக் கூடாது. கரண்டி முழுக்க எண்ணெய் தடவிய மாதிரி ஒரே சீராகப் படிந்திருந்தால் கரைந்துவிட்டது. சர்க்கரையை இப்போது போடுங்கள். முன்பே போட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பாசி கரைவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை கரைந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மறுபடி எடை போடுங்கள். தண்ணீர் 250, சர்க்கரை 70, பாசி 6, ஆக 326 கிராம் இருக்க வேண்டும். குறைந்தது ஆவியாகப் போனது. அந்த அளவு வெந்நீர் விட்டுச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் ஒரு தடவை மென்மையாகவும் அடுத்த தடவை கல்லாகவும் வருகிறது.

நூல் பாசியாக இருந்தால் கத்தரிக்கோலால் இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டி, இரண்டு முறை அலசி, அரை மணி நேரம் ஊற விடுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடலாம். புதிதாக 250 மி.லி. ஊற்றிச் சிறு தீயில் எட்டு முதல் பத்து நிமிடம் வேக வைத்து, கடைசியில் வடிகட்டுங்கள். கடல் வாடை அடித்தால் இன்னொரு தடவை அலசியிருக்க வேண்டும்.

இப்போது சேர்ப்பது. பாசிக் கரைசலை ஒரு நிமிடம் அப்படியே விட்டு, வெதுவெதுப்பான சாற்றை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக் குமிழ் உள்ளே மாட்டிக்கொள்ளும். மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

தட்டுச் சோதனை: எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஒரு தேக்கரண்டி கலவையை அதில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் விரலால் நகர்த்தினால் முழுசாக நகர வேண்டும். தொட்டதும் கசிந்தால் பாசி போதவில்லை. 1 கிராம் பொடியை 40 மி.லி. தண்ணீரில் தனியாகக் கொதிக்க வைத்துச் சூடாகச் சேருங்கள். மடித்தால் முறிந்து நொறுங்குகிறதா? 50 மி.லி. வெந்நீர் கலந்துகொள்ளுங்கள்.

18 செ.மீ. சதுரத் தட்டைத் தண்ணீரில் நனைத்து உதறி, கலவையை ஊற்றினால் ஒன்றே முக்கால் செ.மீ. உயரம் நிற்கும். எண்ணெய் தடவத் தேவையில்லை. கடல்பாசி ஒட்டாது, எண்ணெயோ மேலே படலமாகத் தெரியும். சிலிகான் அச்சு, ஐஸ் தட்டு, துளையில்லாத மினி இட்லித் தட்டு எதுவும் சரி. ஆடாத இடத்தில் 40 நிமிடம் விடுங்கள். பிறகு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து வெட்டினால் ஓரம் கூர்மையாக வரும். 3 செ.மீ. அளவில் 36 துண்டுகள்.

பழத்துக்குப் பழம்

மாம்பழம்: பங்கனபள்ளியோ அல்போன்சாவோ, விழுதாக அரைத்து வடிகட்டிய 250 கிராமுக்கு 250 மி.லி. தண்ணீரும் 4.5 கிராம் பொடியும் போதும். விழுது தானாகவே கெட்டி, பாசியைக் கூட்டினால் ரப்பர் அழிப்பான் மாதிரி ஆகிவிடும். நார் உள்ள பழத்தை வடிகட்டாமல் விடாதீர்கள்.

தர்பூசணி: சூடு காட்டினால் வெந்த பூசணி வாடை வரும், சிவப்புச் சக்கை பிரிந்து மேலே மிதக்கும். அதனால் இந்தச் சாற்றைச் சூடாக்காமல் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து சேர்ப்பது மேல் என்று பலர் செய்வார்கள். ஆனால் இது புளிப்பே இல்லாத சாறு, வெளியில் வைத்தால் கெடும் வேகம் அதிகம். பழத்தை வெட்டிச் சாறு எடுத்த கையோடு, குளிரில் வைக்காமலே பயன்படுத்துங்கள். அரை எலுமிச்சம்பழமும் பிழிந்துகொள்ளுங்கள்.

சாத்துக்குடி: இதன் சாறு எடுத்துச் சிறிது நேரத்தில் கசக்கத் தொடங்கும். சூடு அதை வேகப்படுத்தும். கொட்டையையும் வெள்ளைத் தோலையும் நசுக்காமல் பிழிந்து, பாசி தயாரான பிறகு சாறு எடுங்கள். அப்படியும் மறுநாள் லேசான கசப்பு இருக்கும். நாள் தள்ளி வைக்க வேண்டுமென்றால் கமலா ஆரஞ்சுதான் பாதுகாப்பு.

அன்னாசி, பப்பாளி, கிவி: இவற்றில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் உண்டு, ஆகவே ஜெலட்டினில் பச்சையாகப் போட்டால் உறையவே உறையாது. கடல்பாசி புரதம் இல்லை, மாவுச்சத்தின் உறவு. என்சைம் இதை ஒன்றும் செய்யாது. அன்னாசியின் புளிப்பை மட்டும் கவனித்தால் போதும்.

இளநீர்: 400 மி.லி. இளநீர், 100 மி.லி. தண்ணீர், 4.5 கிராம் பொடி, 40 கிராம் பனங்கற்கண்டு. பொடியை அந்த 100 மி.லி. தண்ணீரில் கரைப்பது சிரமம், அடிப்பிடிக்கும். இளநீரில் புளிப்பு கிடையாது என்பதால் 150 மி.லி. இளநீரையும் பாசியோடு சேர்த்தே கொதிக்க வைக்கலாம். மீதியைக் கடைசியில் ஊற்றினால் மணம் நிற்கும். வழுக்கையை மெல்லிசாகக் கீறிப் போடுங்கள். நுங்கு கிடைக்கும் மாதங்களில் நுங்குச் சுளை இதற்கு இன்னும் நன்றாக இருக்கும்.

பழத்துண்டுகளை உள்ளே வைக்கும்போது ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் துண்டைச் சுற்றிலும் தண்ணீர்ப் பை உண்டாகி, வெட்டும்போது கழன்று விழும். எல்லாத் துண்டும் அடியில் போகாமல் இருக்க, பாதிக் கலவையை ஊற்றி அது லேசாகப் பிடித்ததும் துண்டுகளை அடுக்கி, மீதியை ஊற்ற வேண்டும். அதுவரை மீதிக் கலவையை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்திருங்கள்.

தேங்காய்ப்பால் அடுக்கு

மேலே சொன்ன திராட்சை ஜெல்லிக்கு மேல் வெள்ளை அடுக்கு போட: தண்ணீர் 200 மி.லி., அகர் பொடி 4 கிராம், சர்க்கரை 50 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி., உப்பு கால் தேக்கரண்டிக்கும் குறைவாக. பாசியை முன்போலவே கரைத்து, சர்க்கரை போட்டு, அடுப்பை அணைத்த பின் வெதுவெதுப்பான பாலைச் சேருங்கள். பால் கொதித்தால் திரியும்.

அதிகச் சூட்டில் ஊற்றினால் தேங்காய்ப்பாலின் கொழுப்பு மேலே ஏறி, கீழே தெளிவாகவும் மேலே வெள்ளையாகவும் தானாகவே இரண்டாகப் பிரிந்து உறையும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இதை வேண்டுமென்றே செய்வார்கள். சீரான வெள்ளை வேண்டும் என்றால் 50 டிகிரி வரை கலக்கிக்கொண்டே ஆற விட்டு ஊற்றுங்கள்.

அடுக்குகள் ஒட்டுவதுதான் நுணுக்கம். மேலே விழும் கலவையின் சூடு கீழே உறைந்ததை உருக்காது, ஏனென்றால் அதற்கு 85 டிகிரி வேண்டும். ஆகவே கீழ் அடுக்கு முழுதாக இறுகும் முன்பே மேலதை ஊற்றியாக வேண்டும். விரலால் தொட்டால் பள்ளம் விழாமல், ஆனால் விரலில் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், அதுதான் நேரம். தட்டைப் பொறுத்து ஊற்றிய பத்து முதல் பதினைந்து நிமிடத்தில் அது வரும். விட்டுவிட்டீர்கள், இறுகிவிட்டது என்றால் முள்கரண்டியால் மேற்பரப்பைக் கீறி, கசிந்த தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு ஊற்றுங்கள். பாதி ஒட்டும். கலவையைக் கரண்டியின் பின்பக்கத்தில் விழவைத்து ஊற்றினால் கீழ் அடுக்கில் குழி விழாது.

சர்க்கரை மேலோடு போட்ட மிட்டாய்

ஃபிரிட்ஜ் இல்லாமல் சில நாள் இருக்கும் வகை இது. ஜப்பானில் வெளியே சர்க்கரை படிகமாக மொறுமொறுக்க, உள்ளே ஜெல்லியாக இருக்கும் இனிப்பு ஒன்று உண்டு. அதே முறை.

தண்ணீர் 170 மி.லி.யில் அகர் பொடி 4 கிராமைக் கரைத்து, மூன்று நிமிடம் கொதித்த பின் சர்க்கரை 300 கிராம் போடுங்கள். கிண்டிக்கொண்டே ஒரு கம்பிப் பதம் வரை காய்ச்சுங்கள். வெப்பமானி இருந்தால் 104 டிகிரி. இறக்கி, பாதியாகச் சுண்டக் காய்ச்சிய திராட்சை அல்லது மாதுளைச் சாறு 2 மேசைக்கரண்டி கலந்து, ஒரு செ.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். சாற்றை இதற்கு மேல் கூட்டினால் புளிப்பால் சர்க்கரை படிகமாகாமல் பிசுபிசுப்பிலேயே நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கழித்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வெண்ணெய்த்தாளில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். மின்விசிறிக் காற்றில் மூன்று முதல் ஏழு நாள், தினம் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும்.

கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்க வேண்டாம். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது மேலோடு பிடிக்காது. ஏசி ஓடும் அறை இருந்தால் எந்த மாதமும் செய்யலாம்.

கொய்யா: பாசி இல்லாமலே மெல்லும் ஜெல்லி

கொய்யாவில் பெக்டின் தாராளம். விளாம்பழத்திலும் உண்டு. பெக்டின் உறைய மூன்று வேண்டும்: நிறையச் சர்க்கரை, புளிப்பு, தண்ணீர் வற்றுவது. கடல்பாசிக்குப் பகையான புளிப்பு இங்கே கூட்டாளி.

ஒரு கிலோ கொய்யாவில் முக்கால் பங்கு பழுத்ததும் கால் பங்கு செங்காயும் இருக்கட்டும். செங்காயில்தான் பெக்டின் அதிகம், பழுத்ததில் மணம் அதிகம். நான்காக வெட்டி, 700 மி.லி. தண்ணீரில் 25 நிமிடம் வேகவிட்டு, மசித்துச் சல்லடையில் தேய்த்து விதையை நீக்குங்கள். மிக்சியில் விதையோடு அடித்தால் மணல் மாதிரி நறநறக்கும். கிடைத்த விழுதை எடை போட்டு, 500 கிராமுக்கு 350 கிராம் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு ஒன்றரை மேசைக்கரண்டி சேருங்கள்.

அடி கனமான வாணலியில் நடுத்தரத் தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். முதல் இருபது நிமிடம் ஒன்றும் ஆகாத மாதிரிதான் இருக்கும். பிறகு எரிமலை மாதிரி வெடித்துத் தெறிக்கும். முழுக்கை உடை, நீளக் கரண்டி அவசியம். 40 முதல் 50 நிமிடத்தில் நிறம் கருஞ்சிவப்பாகும். வெள்ளைக் கொய்யா என்றால் தேன் நிறம். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் அடி தெரிந்து, கோடு மூடாமல் மூன்று நொடி நிற்க வேண்டும். அல்வாவைப் போலச் சுருண்டு வாணலியை விட்டு விலகும். கொஞ்சம் எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றரை செ.மீ. உயரத்துக்குப் பரப்பி, இரவு முழுக்க மூடாமல் விட்டு, மறுநாள் வெட்டிச் சர்க்கரையில் புரட்டுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். வெட்டும்போது கத்தியில் அப்பிக்கொண்டு வந்தால் பதம் வரவில்லை. திரும்ப வாணலியில் போட்டுப் பத்து நிமிடம் கிண்டலாம், ஒன்றும் கெடாது.

தவறியதைச் சரிசெய்வது

கடல்பாசி ஜெல்லியைத் திரும்ப உருக்கலாம் என்பது பெரிய வசதி. உறையவில்லை என்றால் கொட்டிவிட வேண்டாம். 50 மி.லி. தண்ணீரில் 1.5 கிராம் பொடியை மூன்று நிமிடம் தனியாகக் கொதிக்க வையுங்கள். உறையாததை இன்னொரு பாத்திரத்தில் ஆவி பறக்கச் சூடாக்கி இரண்டையும் சேருங்கள். புளிப்புச் சாறு கலந்ததை நேரம் போவது தெரியாமல் கொதிக்க விட்டால் அதிலிருக்கும் பாசியும் சிதைந்துவிடும். அதன் பிறகு அது கொழகொழவென்றுதான் நிற்கும்.

நறநறப்பு இருந்தால் காரணம் கரையாத பாசி அல்லது குளிர்ந்த சாறு. உருக்கி, இரண்டு நிமிடம் கொதி நிலையை ஒட்டிச் சூடாக்கி, வடிகட்டி ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

வெட்டிய துண்டுகளைச் சுற்றித் தண்ணீர் நிற்பது கடல்பாசியின் குணம். நாள் ஆக ஆக அதிகமாகும். டப்பாவின் அடியில் சமையல் தாள் ஒன்றை மடித்துப் போட்டால் துண்டுகள் ஈரத்தில் ஊறாது. முதல் நாளே நிறையத் தண்ணீர் விட்டால் பாசியோ சர்க்கரையோ குறைவு. ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. பனி உருகும்போது பஞ்சு மாதிரி ஆகித் தண்ணீரெல்லாம் வெளியே வந்துவிடும்.

வைத்திருப்பது, கொடுப்பது

பழ ஜெல்லி மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் மூன்று நாள். தேங்காய்ப்பால், தர்பூசணி, இளநீர் என்றால் இரண்டு நாள் போதும். உருகவில்லை என்பதற்காகக் கெடவில்லை என்று நினைக்கக் கூடாது. மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்தால் அன்று மதியமே சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய்ப்பால் வகையை வெயில் காலத்தில் கொடுத்தனுப்பவே வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு உருண்டை அச்சிலோ, உறிஞ்சிச் சாப்பிடும் சிறு கப்பிலோ செய்யாதீர்கள். வழுக்கிக்கொண்டு நேராகத் தொண்டைக்குப் போய் மூச்சை அடைக்கும், வாயில் கரையாது என்பதால் ஆபத்து கூடுதல். இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் உறிஞ்சும் சிறு கப் ஜெல்லிகளில் அகர், கராஜீனன், கொன்ஜாக் (ஒரு கிழங்கிலிருந்து எடுப்பது) போன்றவற்றைத் தடை செய்திருக்கிறது. நான்கு வயதுக்குக் கீழே என்றால் 3 கிராம் அளவில் மென்மையாகச் செய்து, மெல்லிய பட்டையாகக் கீறி, உட்காரவைத்துக் கொடுங்கள்.

மிஞ்சிய சூடான கலவையைக் கழுவும் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் போய் ஆறி உறைந்தால் வெந்நீருக்கும் லேசில் அசையாது. கிண்ணத்தில் உறைய விட்டுக் குப்பையில் போடுங்கள். பாத்திரத்தைச் சுரண்டாமல், தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் ஒட்டியதெல்லாம் கழன்று வந்துவிடும். அந்தத் தண்ணீரையும் வாசல் செடிக்குத்தான் ஊற்ற வேண்டும், ஆறிய பிறகு.